முப்பத்தொன்றாவது மீட்டர்

அத்தியாயம் நான்கு

உள்ளே விட முடியாது என்று வாட்ச்மேன் சொன்னதில் ரேடியோவுக்கு வருத்தமில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், பல் குத்திக்கொண்டே சொன்னதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

முப்பத்தைந்து வயதுக்குள் நான்கு வேலைகளைத் தன் வாயாலேயே தொலைத்தவன் அவன். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான் என்பதால் வீட்டில் ரேடியோ என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே ஊருக்கும் பெயராகிவிட்டது. ஐந்தாவதாக அவனை வேலைக்கு வைத்துக்கொண்டவள் அவனுடைய அண்ணி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருடம் விபத்து நடந்த இடங்களில் நின்று, யார் புளுகுகிறார்கள் என்று கண்டுபிடித்தவள். இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறாள். அண்ணன் கப்பலில் வேலை பார்ப்பதே அண்ணியின் கேள்விகளிலிருந்து தப்பிக்கத்தான் என்பது ரேடியோவின் தனி ஆராய்ச்சி.

"அண்ணே, நாங்க திருட வரல," என்றான் ரேடியோ. "உள்ளே இருக்கிறது நாப்பது மீட்டர் நீளம். எங்க ஸ்கூட்டர்ல ஏறாது."

வாட்ச்மேன் சிரிக்கவில்லை. அண்ணியும் சிரிக்கவில்லை. அவர்களோடு வந்திருந்த மூன்றாவது ஆள் முன்னால் வந்தாள். ஓடும் பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிப்பது அவள் உத்தியோகம். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவள் செக்கர்.

"நான் கையெழுத்துப் போடாம உங்க மேனேஜரோட புகார் போலீசுக்குப் போகாது. இவங்க உள்ளே போகாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். எழுந்து போய்ச் சொல்லு."

வாட்ச்மேன் எழுந்து போனார். பஸ்ஸையே நிறுத்துகிற குரல் அது, ஒரு நாற்காலி எம்மாத்திரம்.

விஷயம் இதுதான். அது காற்றாலைகளுக்கு இறக்கை, அவர்கள் மொழியில் பிளேடு, செய்யும் கம்பெனி. புதிதாக ஒரு இறக்கையை வடிவமைத்தால், அதே மாதிரி நூற்றுக்கணக்கில் செய்வதற்கு முன்னால், முதலில் செய்ததை இந்தச் சோதனைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து வதைப்பார்கள். அடிப்பக்கத்தைக் கான்கிரீட் சுவரில் போல்ட் போட்டு இறுக்கி, ஒரு இயந்திரத்தை மாட்டி மேலும் கீழுமாக ஆட்டுவார்கள். இருபது வருடக் காற்று கொடுக்கிற அடியைச் சில மாதங்களில் கொடுத்துவிடுவது. இருபது லட்சம் ஆட்டம் தாங்கினால் தேர்ச்சி.

ஐம்பதாயிரம் ஆட்டத்துக்கு ஒரு முறை இயந்திரம் நிற்கும். அப்போது ஒருவர் சின்னச் சுத்தியலோடு, ஆளை உயரத் தூக்கும் நடமாடும் லிஃப்டில் ஏறி, நுனியைத் தவிர்த்து முப்பத்தொன்பது இடத்தில் இறக்கையை மீட்டர் மீட்டராகத் தட்டிக் கேட்பார். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் உள்ளே ஒட்டு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். எப்படி ஒலித்தது என்று அந்தந்த மீட்டரிலேயே மார்க்கரால் குறி போடுவார். பதினெட்டு வருடமாக அந்தச் சுத்தியல் ஒருவர் கையில்தான் இருந்தது. எல்லோரும் அவரைச் சுத்தியல்காரர் என்பார்கள். செக்கரின் கணவர்.

முந்தாநாள் காலை எட்டு லட்சத்தில் நிறுத்தித் தட்டிப் பார்த்தார்கள். மறுபடி ஆட்டத் தொடங்கி இருபது நிமிடத்தில் இறக்கை முப்பத்தொன்றாவது மீட்டரில் முறிந்தது. முறிந்த ஒன்பது மீட்டர் துண்டு, கீழே நின்ற லிஃப்ட் ஆபரேட்டர் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே அவனுடைய இடது கால் போய்விட்டது. அவன் செக்கரின் கூடப்பிறந்த தம்பி.

முறிந்த இடத்தில், எட்டு லட்சத்துக்கான குறி, நன்றாக இருக்கிறது என்று சுத்தியல்காரர் கையெழுத்தில் இருந்தது. நான்தான் எழுதினேன், தப்பு என்னுடையது, நான்தான் அவனைத் தடை போட்ட இடத்துக்குள் போகச் சொன்னேன் என்று அவரும் சொல்லிவிட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. தம்பி மயக்க மருந்தில் கிடப்பதால், நெருங்கிய உறவு என்ற முறையில் செக்கர் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து மணிக்குப் புகார் போலீசுக்குப் போக வேண்டும். இப்போது மணி நாலு.

செக்கர் அண்ணியிடம் வந்தது கணவரைக் காப்பாற்றுவதற்கு இல்லை. வந்த முதல் நிமிடத்திலேயே அதைச் சொல்லிவிட்டாள்.

"என் தம்பியை முடமாக்கினது இந்த ஆளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. இவர்தான்னா நானே கையெழுத்துப் போட்டு நானே ஜீப்புல ஏத்தி விடறேன்."

பொய் சொல்கிற முகத்தை இருபது வருடமாகப் பஸ்ஸில் பார்த்து வருகிறவள். ஆனால் இந்த ஒரு முகத்தை ஒரு வருடமாகத் தன்னால் படிக்க முடியவில்லை என்றாள். சமையலறையிலிருந்து நாலு தடவை கத்தினால் ஒரு தடவை 'ம்' வரும். சண்டைக்கு இழுத்தாலும் வருவதில்லை. எல்லாக் கல்யாணமும் இப்படித்தானே என்று ரேடியோ சொல்லப் போய், இரண்டு பெண்களும் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினான்.

"அதுகூடப் பரவாயில்ல," என்றாள் செக்கர். "என் தம்பி ரத்தத்துல கிடக்கிறான், ஆம்புலன்ஸ்ல ஏத்தறாங்க. இந்த ஆளு கூட வரல. ஆஸ்பத்திரிப் பக்கமே இன்னிக்கு வரைக்கும் வரல. அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

கொட்டகைக்குள் நுழைந்ததும் சத்தமெல்லாம் நின்றது. ஸ்பானரோடு நின்றவர்கள் ஸ்பானரோடு, கயிறோடு நின்றவர்கள் கயிறோடு அப்படியே நின்று பார்த்தார்கள். புருஷனை ஜெயிலுக்கு அனுப்ப வந்துவிட்டாள் என்று ஒருவர் பக்கத்து ஆளிடம், எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னார். செக்கர் அவர் முன்னால் போய் நின்று, என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். அவருக்குத் திடீரென்று தரையில் ஏதோ வேலை வந்துவிட்டது.

மேனேஜர் எதிரே வந்தார். தலையில் கீறலே இல்லாத புது ஹெல்மெட். அது இதுவரை எதன் மேலும் இடித்ததில்லை, ஆகவே இந்த ஆள் எதற்குள்ளும் குனிந்து நுழைந்ததில்லை என்று ரேடியோ முடிவு கட்டினான்.

அவர் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. அரை மணி நேரம் தருகிறேன், இது சினிமா இல்லை, எதையும் தொடக்கூடாது என்றார். அடுத்த மாதம் இந்த இறக்கை தயாரிப்புக்குப் போக வேண்டியது, ஒரு ஆளின் அலட்சியத்தால் எல்லாம் நிற்கிறது என்றார்.

"பிளேடு நல்ல பிளேடு. ஆள்தான் சரியில்ல. மந்தமா கேக்குதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, ஒட்டுப் போட்டு சரிபண்ணிட்டு ஓட்டியிருப்போம். இவர் நல்லா இருக்குன்னு எழுதி வச்சா நாங்க என்ன பண்றது?"

அவருக்குப் பின்னால் இயந்திரத்தின் சிவப்புப் பொத்தான். அதற்கு மேலே ஒரு பலகை: எல்லா மீட்டரிலும் குறி இருப்பதை எண்ணிப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்தவும். அழுத்துவது யார் என்று அண்ணி கேட்டாள். நான்தான், வேறு யாரையும் விடமாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தினார் மேனேஜர்.

முறிந்த துண்டு விழுந்த இடத்திலேயே கிடந்தது. சுற்றிலும் சங்கிலி. கீழே தரையில், கழுவியும் போகாத கறை. செக்கர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதன் பக்கத்திலேயே போய் நின்றாள்.

விழும்போது துண்டு புரண்டிருந்தது. மேல் விளிம்பு தரையிலும் கீழ் விளிம்பு மேலேயுமாகக் கிடந்ததால், பக்கவாட்டில் எழுதியிருந்த குறிகள் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தன. ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு வரிசை, வரிசைக்குப் பதினாறு குறி. பக்கத்தில் ஆட்டக் கணக்கு. நுனியிலிருந்து ஒன்று விடாமல் படித்துச் சொல்லு என்று அண்ணி ரேடியோவுக்கு உத்தரவு போட்டாள்.

அவன் இடுப்பை ஒடித்து, தலையைத் தொங்கவிட்டு, கால்களுக்கு நடுவே பார்ப்பவன் மாதிரி வளைந்து படித்தான். எல்லாம் 'க'. எங்கேயாவது ஒரு 'ம'. மூன்றாவது வரிசைக்குள் கழுத்து பிடித்துக்கொண்டது.

"அண்ணி, இதைப் படிக்க நீங்க ஒரு வௌவாலைத்தான் வேலைக்கு வச்சிருக்கணும்."

"வௌவால் இவ்வளவு பேசாது. படி."

முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று வந்து, கடைசியாக முறிந்த விளிம்பை ஒட்டிய முப்பத்தொன்றாவது வரிசை. பதினைந்து குறியை முனகிக்கொண்டே படித்தான். பதினாறாவது, க, எட்டு லட்சம், அவ்வளவுதான் முடிந்தது என்று இடுப்பில் கை வைத்துச் சொன்னான்.

"ஏன் நிமிர்ந்த?" என்று கேட்டாள் அண்ணி.

"கழுத்து வலி போயிடுச்சு."

"வலி எங்கேயும் போகல. எழுத்து நிமிர்ந்திருக்கு. நல்லாப் பாரு."

ரேடியோ பார்த்தான். அந்த ஒரு குறி மட்டும் நேராக இருந்தது. ஒன்பது வரிசை, வரிசைக்குப் பதினாறு, அத்தனையும் தலைகீழாக இருக்க, இது ஒன்று மட்டும் நிற்பவன் கண்ணுக்கு நேராக, பளிச்சென்று இருந்தது. லிஃப்டில் நின்று காலையில் எழுதியிருந்தால் இதுவும் மற்றதோடு சேர்ந்து கவிழ்ந்திருக்க வேண்டும். கவிழவில்லை. அப்படியென்றால் இது எழுதப்பட்டபோது துண்டு ஏற்கெனவே இங்கே, இப்படியே கிடந்திருக்கிறது.

இந்த வேலையில் அவனுக்குப் பிடித்ததே இந்த நொடிதான். மேனேஜர் பத்தடி தள்ளி நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் மூன்று பேனா.

"விழுந்த பிறகு எழுதியிருக்காங்க," என்று ரேடியோ செக்கரிடம் முணுமுணுத்தான். "உங்க வீட்டுக்காரர் தலையில கட்ட. யாருன்னு நான் சொல்லணுமா?"

செக்கரின் முகம் மாறியது. இரண்டு நாளாக இறுக்கி வைத்திருந்தது எங்கோ ஓரத்தில் தளர்ந்தது. அண்ணி மட்டும் ரேடியோவை முறைத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டாள். இந்தக் 'க' என்றால் என்ன என்று சும்மா தெரிந்துகொள்வது போலக் கேட்டாள்.

அவர் குறியைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். "கச்சிதம்னு நினைக்கிறேன்," என்றார்.

கணீர் என்பதற்குத்தான் 'க' என்று வெளியாள் ரேடியோவுக்கே வந்த பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எட்டு வருடமாக இந்தக் கொட்டகையை நடத்துகிறவருக்குத் தெரியவில்லை. இவர் பொய்யாக எழுதுவதாக இருந்தால் 'ஓகே' என்று எழுதி ஒரு டிக் அடித்திருப்பார்.

விபத்து நடந்ததும் எங்கே போனீர்கள் என்று அண்ணி அடுத்ததாகக் கேட்டாள். ஆம்புலன்ஸில் கூடவே போனேன் என்றார். செக்கர் தலையை ஆட்டினாள். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது அவர் அங்கேதான் நின்றிருந்தார். கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்.

"எல்லாரும் வெளியே போயிட்டாங்க. இவங்க வீட்டுக்காரர் மட்டும் நகர மாட்டேன்னுட்டாராம். நான் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆச்சு. அது வரைக்கும் இந்தத் துண்டு பக்கத்துலயே உக்காந்திருந்தார்."

ரேடியோ மறுபடி குனிந்து அந்தக் 'க'வை வரிசையில் இருந்த மற்ற 'க'க்களோடு ஒப்பிட்டான். அதே கையெழுத்து.

ஆஸ்பத்திரிக்கு வராமல் அந்த மனிதர் இங்கே உட்கார்ந்து செய்த வேலை இதுதான். தன்னை மாட்டிவிடுகிற குறியைத் தானே எழுதியிருக்கிறார். செக்கருக்கும் அது புரிந்துவிட்டது. தளர்ந்த முகம் முன்னைவிட இறுகியது. அவள் மேனேஜரிடம் போய், புகாரைக் கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். எதையோ மூடி மறைக்கத்தானே ஒருவன் திருட்டுத்தனமாக எழுதுவான் என்றாள்.

"மறைக்கத்தான்," என்றாள் அண்ணி. "எதைன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க. பத்து நிமிஷம் பொறுங்க."

சுத்தியல்காரரை அன்று காலையிலிருந்து கொட்டகைக்குப் பின்னால் சாமான் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு காவலாள். அறையில் பெயிண்ட் டின்களும் கயிற்றுச் சுருள்களும் ஒரு மேசையும். அவர் கதவுக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். நிலைப்படியிலேயே நிற்கும்படி அண்ணி கை காட்டினாள்.

காலையிலிருந்து சாமான் அறையில் சாமானோடு சாமானாக வைத்திருக்கிறார்களே என்று ரேடியோ தன் வழக்கமான குரலில் சொன்னான். அவர் திரும்பவில்லை. கோபக்காரர் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அண்ணி சாதாரணக் குரலில், எதிரே இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குப் பேசினாள்.

"உங்க மச்சான் அரை மணி நேரம் முன்னால செத்துட்டார்."

செக்கர் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்துக்குக் காவலாள் எட்டிப் பார்த்தான். மேசை முன்னால் இருந்த மனிதர் காகிதத்தை இன்னொரு முறை மடித்தார். மடிப்பின் மேல் நகத்தை ஓட்டி நீவினார்.

"பொய்," என்று அண்ணி செக்கரின் மணிக்கட்டைப் பிடித்தாள். "உங்க தம்பி உயிரோடதான் இருக்கார். என்னை அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. இப்போ இவரைப் பாருங்க. இவர் திரும்பினாரா?"

செக்கர் பார்த்தாள். அவர் திரும்பவே இல்லை.

அண்ணி சுற்றிக்கொண்டு போய் அவர் எதிரே நின்றாள். அவர் நிமிர்ந்தார். அவர் கண் அண்ணியின் கண்ணுக்குப் போகாமல் உதட்டுக்குப் போனதை ரேடியோ அப்போதுதான் கவனித்தான்.

"மச்சானோட காது எத்தனை நாளா உங்களுக்காக வேலை பார்க்குது?"

அவர் கதவுப் பக்கம் திரும்பி, அங்கே மனைவி நிற்பதைக் கண்டார். காகிதம் கையிலிருந்து நழுவியது. அதைக் குனிந்து எடுக்காமலே பதில் சொன்னார்.

ஒரு வருடமாம். பதினெட்டு வருடம் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதில், முதலில் மெல்லிய சத்தங்கள் போயின. பிறகு சுத்தியலின் சத்தமே போய்விட்டது. வாயைப் பார்த்து முக்கால்வாசிப் பேச்சைச் சமாளித்தார். இறக்கைக்கு வாய் இல்லை. லிஃப்டை ஓட்டுகிற மச்சானிடம் மட்டும் சொன்னார். மாமா, நீ தட்டு, நான் கேக்கறேன் என்றான் அவன். கணீரென்றால் கட்டைவிரல். மந்தமென்றால் மூடின கை. அவன் காட்டுவான், இவர் எழுதுவார். ஒரு வருடத்தில் ஒரு குறி தப்பவில்லை.

"முந்தாநாள் முப்பத்தொண்ணுல அவன் எதுவும் காட்டல," என்றார். குரல் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது. "சந்தேகமா இருக்கு, இன்னொரு தடவை தட்டு மாமான்னான். அதுக்குள்ள கீழேருந்து மேனேஜர் கத்தினார். பிளேடு வாங்கறவங்க பார்க்க வராங்க, மெஷின் ஓடிக்கிட்டு இருக்கணும், இறங்குங்கன்னார். முப்பத்தொண்ணை வெறுமனே விட்டுட்டு இறங்கினோம். ஒரு மீட்டர் பாக்கின்னு நான் அவர்கிட்டச் சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?" என்றாள் செக்கர். முதல் முறையாக அவள் அவரோடு பேசினாள்.

"சொன்னா, என் எதிர்ல தட்டிக் காட்டுன்னு மேல ஏறி வருவார். தட்டினா எனக்கு ஒண்ணும் கேக்காது. வேலை போயிடும். வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

மச்சானால் சும்மா நிற்க முடியவில்லை. இயந்திரம் ஓடத் தொடங்கியதும், யாரும் பார்க்காதபோது சங்கிலியைத் தாண்டிப் போய், முப்பத்தொன்றுக்கு நேர் கீழே நின்று காதைக் கொடுத்தான். இறக்கை முறிந்தது. ஆம்புலன்ஸ் கிளம்புகிறபோதே, தடை போட்ட இடத்துக்குள் அவனாகப் போனான், அவன் தப்பு என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதைக் காதால் கேட்கவில்லை, வாய்களைப் பார்த்தே தெரிந்துகொண்டேன் என்றார் சுத்தியல்காரர். எல்லோரும் போனபின் அந்த இடத்தில் 'க' எழுதினார். நல்லா இருக்கு, உள்ளே போய்ப் பார் என்று நான்தான் அனுப்பினேன் என்று வாக்குமூலம் கொடுத்தார்.

"கால் போனவன் மேல பழியும் விழக்கூடாதுன்னு தோணுச்சு."

செக்கர் மேசையின் மேல் ஓங்கி அடித்தாள். டின்கள் குலுங்கின.

"ஒரு வருஷம். ஒரு வருஷமா என்னை ஒரு பொருட்டா மதிக்கலேன்னு அழுதிருக்கேன். என் தம்பிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேனச்சி ஆக்கியிருக்கீங்க."

அவர் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்காகப் பரிதாபப்படுவதா, அவரைப் பிடித்து உலுக்குவதா என்று ரேடியோவுக்குத் தெரியவில்லை. இரண்டுமே தோன்றியது.

"நீங்க கேட்ட கேள்விக்குப் பதில்," என்றாள் அண்ணி. "ஆமா. இவர் வாயை மூடிக்கிட்டு இருந்ததாலதான் உங்க தம்பி உள்ளே போனார். அதை நான் பூசி மெழுக மாட்டேன். ஆனா அது பாதிதான். மீதிப் பாதி இப்ப புகாரை எடுத்துக்கிட்டு வரும். எனக்காக அஞ்சு நிமிஷம் எல்லாரும் சும்மா இருங்க. ரேடியோ, முக்கியமா நீ."

மேனேஜர் ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தார். முகத்தில் வேலை முடியப்போகிற திருப்தி. அண்ணி புகாரை வாங்கி மேலோட்டமாகப் படித்தாள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றாள். ஒரே ஒரு ஓட்டை இருக்கிறது, நீங்கள் குறிகளைச் சரிபார்த்தீர்களா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் உங்களுக்குத்தானே தலைவலி என்றாள்.

அவர் யோசிக்கவே இல்லை. மூன்று பேனாவில் ஒன்றை உருவி அடியில் எழுதினார்: பொத்தானை அழுத்துவதற்கு முன் முப்பத்தொன்பது குறிகளையும் நானே எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்றாவது மீட்டரில் 'க' இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். கையெழுத்தும் நேரமும் போட்டார். அண்ணி காகிதத்தைச் செல்போனில் படம் எடுத்துவிட்டுச் செக்கரிடம் கொடுத்தாள்.

பிறகு அவரைத் துண்டுக்கு முன்னால் அழைத்துப் போய், படியுங்கள் என்றாள். வேலை செய்துகொண்டிருந்தவர்களும் கூடிவிட்டார்கள். அவர் வேண்டாவெறுப்பாகக் குனிந்து ஒரு வரிசையைப் படித்தார். புது ஹெல்மெட் நழுவி விழுந்து உருண்டது. முப்பத்தொன்றுக்கு வந்தார். பதினாறாவது குறிக்கு நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் மறுபடி குனிந்து பார்த்தார். அவர் கழுத்து சிவந்தது.

"நீங்க காலையில கண்ணால பார்த்த குறி," என்றாள் அண்ணி, "காலையில அங்கே இல்ல."

எண்ணியிருந்தால் முப்பத்தெட்டுதான் வந்திருக்கும். பொத்தானை அழுத்தியிருக்க முடியாது. விபத்துக்குப் பிறகு வந்து பார்த்தபோது குறி இருந்தது. ஆகவே காலையிலும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். எண்ணாதவருக்கு மட்டும்தான் அப்படி நினைக்கத் தோன்றும்.

மேனேஜர் காகிதத்துக்குக் கையை நீட்டினார். செக்கர் அதை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். இது சதி, விழுந்த பிறகு எழுதியது என்பதற்கு என்ன சாட்சி, இந்த வாயாடி சொன்னால் ஆயிற்றா என்று அவர் சீறினார். வாயாடி என்றது தன்னைத்தான் என்று தெரிந்தும் ரேடியோ சும்மா இருந்தான். அண்ணி சொன்ன ஐந்து நிமிடம் இன்னும் முடியவில்லை.

கூட்டம் விலகியது. சுத்தியல்காரர் வந்து நின்றார். பதினெட்டு வருடம் கூட வேலை செய்தவர்கள் அவரை வெறுப்போடு பார்த்தார்கள். முந்தாநாளிலிருந்து அப்படித்தான் பார்க்கிறார்கள்.

"நான்தான் சாட்சி," என்றார். "விழுந்த பிறகு எழுதினேன். எனக்குக் காது கேக்காது. ஒரு வருஷமா கேக்காது. இந்த பிளேடை நான் பாஸ் பண்ணல. இதைத் தயாரிப்புக்கு அனுப்பாதீங்க."

அவருடைய பதினெட்டு வருடமும் அந்த ஒரு மூச்சில் போய்விட்டது. மேனேஜர்தான் முதலில் வாயைத் திறந்தார். அப்படியென்றால் நீயும் உள்ளே போவாய், தெரியுமா என்றார். அதை அவர் உதட்டில் படித்துவிட்டு, தெரியும் என்று சுத்தியல்காரர் தலையசைத்தார்.

செக்கர் பையிலிருந்து புகாரை எடுத்தாள். துண்டின் மேலேயே வைத்து, தன் டிக்கெட் புத்தகத்துப் பேனாவால், கணவரின் பெயருக்குப் பக்கத்தில் மேனேஜரின் பெயரையும் எழுதினாள். கணவரின் பெயரை அடிக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு ரேடியோவிடம் நீட்டினாள்.

"ஸ்டேஷன்ல குடுங்க. தேடினா என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருப்பாருன்னு சொல்லுங்க. என் தம்பி ஆறு மணிக்குக் கண்ணு முழிப்பான்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

பிறகு கணவரின் எதிரே போய், அவர் முகத்துக்கு நேராக நின்றாள். குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"வாங்க. அவன் முன்னாடி உக்காருங்க. திட்டினா திட்டட்டும், என்ன கேக்கணுமோ கேக்கட்டும். உங்களுக்குப் புரியாத ஒவ்வொரு வார்த்தையையும் நான் திருப்பிச் சொல்றேன்."